குதித்தவர் எங்கே போனார்? 25 அடி ஆழக் குளத்துக்குள் ஒளிந்திருக்கும் 'ஓ' நிகழ்ச்சியின் இன்னொரு மேடை!

உடம்பெல்லாம் தீப்பற்றி எரிய, ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாக நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறார். அவரைச் சுற்றித் தண்ணீர். அந்தரத்தில் இரும்புச் சட்டத்தால் செய்த ஒரு கப்பல் ஊஞ்சல்போல ஆடுகிறது. அதிலிருந்து ஒவ்வொருவராகக் கரணமடித்துக் கீழே விழுகிறார்கள். தண்ணீர் தெறிக்கிறது. அரங்கம் கைதட்டுகிறது.

சரி, விழுந்தவர்கள் எங்கே?

பத்து விநாடி ஆகிறது, இருபது விநாடி ஆகிறது. பலர் மேலே வருவதே இல்லை. அதற்குள் அடுத்த காட்சி தொடங்கிவிடுகிறது. பார்வையாளர்களின் கண்ணும் அங்கே போய்விடுகிறது. யாரும் பதறுவதில்லை. காரணம், அந்தத் தண்ணீருக்குள் இன்னொரு குழு வேலை செய்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் 1998 முதல் நடந்துவரும் 'ஓ' நிகழ்ச்சியில் நாம் பார்ப்பது மேல்பாதிதான். கீழ்ப்பாதி 25 அடி ஆழத்தில் நடக்கிறது.

பெயரே தண்ணீர்தான்!

கனடாவைச் சேர்ந்த 'சர்க் டு சொலே' உலகப் புகழ்பெற்ற சர்க்கஸ் நிறுவனம். சிங்கம், யானை என விலங்குகள் இல்லாமல், மனிதர்களின் உடல் திறமை, இசை, கதை ஆகியவற்றை மட்டும் நம்பி வளர்ந்தது. 1998 அக்டோபரில் லாஸ் வேகாஸில் 'பெலாஜியோ' என்ற ஆடம்பர ஹோட்டல் திறக்கப்பட்டபோது, அதற்குள்ளேயே இந்த நிறுவனத்துக்காகச் சுமார் 1,800 பேர் அமரக்கூடிய நிரந்தர அரங்கம் ஒன்று கட்டப்பட்டது. மேடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குளம்!

பிரெஞ்சு மொழியில் தண்ணீரைக் குறிக்கும் சொல்லின் உச்சரிப்பு 'ஓ'. அதுவே நிகழ்ச்சியின் பெயரானது. ஆச்சர்யப்பட்டால் நம் வாயிலிருந்து வருவதும் அதே 'ஓ'தான் என்பது தமிழர்களுக்குக் கிடைத்த போனஸ்.

அந்தக் குளத்தில் இருக்கும் தண்ணீர் சுமார் 57 லட்சம் லிட்டர். சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் கொண்டுவந்து ஊற்றினால், 470 லாரிகளுக்கு மேல் தேவைப்படும். ஆழம் 25 அடி. இரண்டு மாடி வீட்டை இறக்கி வைத்தாலும் பெரும்பகுதி மூழ்கிவிடும்.

சுமார் ஒன்றரை மணி நேரம், இடைவேளை கிடையாது. ஒரே இரவில் இரண்டு காட்சிகள். நீச்சல், டைவிங், ஜிம்னாஸ்டிக்ஸ், ட்ரபீஸ், உடலை வில்லாக வளைக்கும் வித்தை, நெருப்பு, கோமாளிகள் என எல்லாம் உண்டு.

ஒரு நிமிடம் குளம், மறுநிமிடம் தரை

'ஓ'வைப் பார்த்தவர்கள் முதலில் வியப்பது அதன் மேடையைத்தான். இப்போதுதான் ஒருவர் தலைகுப்புறப் பாய்ந்த இடம் அது. கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் இன்னொருவர் கணுக்கால் மட்டும் நனைய நடந்து வருகிறார். அடுத்து அதே இடம் காய்ந்த தரையாகிறது. அதில் ஆடுகிறார்கள், பாடுகிறார்கள்.

காரணம், குளத்துக்குள் இருக்கும் 7 ஹைட்ராலிக் லிஃப்ட்கள். டிப்பர் லாரியின் பின்பகுதியை உயர்த்துகிறதே, அதே தத்துவம்தான். திரவத்தின் அழுத்தத்தால் தண்டு நீள்கிறது, அதன் மேலிருக்கும் தளம் உயர்கிறது. ஏழு தளங்களையும் சேர்த்து உயர்த்தினால் முழு மேடை. சிலவற்றை மட்டும் உயர்த்தினால், ஒரு பக்கம் மேடை, மறுபக்கம் ஆழமான குளம்.

சொல்வதற்கு எளிது. ஆனால், தண்ணீர் அவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்காது. ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. ஓட்டையே இல்லாத தளம் மேலே எழும்பினால், தனக்கு மேலே நிற்கும் டன் கணக்கான தண்ணீரையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கும். குளமே அலை புரண்டு முன்வரிசை ரசிகர்கள் மீது கொட்டும். அதனால்தான் தளம் முழுக்கத் துளைகள். சல்லடை வழியாக வடிவதுபோலத் தண்ணீர் கீழே இறங்கிவிடுகிறது. தளம் மேலே வந்த சில நொடிகளில் கால் வழுக்காமல் நடக்கவும், ஓடவும் முடிகிறது.

இந்த வசதியில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஒரு நிமிடத்துக்கு முன் குளமாக இருந்த இடம் இப்போது தரையாக இருக்கலாம் இல்லையா? மேலே நிற்பவர் குதிக்கும் முன், தளம் முழுமையாகக் கீழே இறங்கியிருக்க வேண்டும். யாரும் குறுக்கே நீந்திக்கொண்டிருக்கக் கூடாது. எனவே இதுபோன்ற நிகழ்ச்சிகளில் 'ஸ்டேஜ் மேனேஜர்' என்பவர் விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரைப்போல. மேலே கயிற்றைக் கவனிப்பவர், லிஃப்டை இயக்குபவர், தண்ணீருக்குள் இருப்பவர் என எல்லோரிடமிருந்தும் 'சரி' வந்த பிறகே அவர் அனுமதி தருவார். ஒரு 'சரி' வராவிட்டாலும் அந்தச் சாகசம் அன்றைக்கு இல்லை.

60 அடி உயரம்... 68 கி.மீ வேகம்!

'ஓ'வில் டைவர்கள் சுமார் 60 அடி உயரத்திலிருந்து குதிக்கிறார்கள். ஒலிம்பிக் டைவிங்கில் மிக உயர்ந்த மேடையே 10 மீட்டர், அதாவது 33 அடிக்குக் கொஞ்சம் குறைவு. அங்கிருந்து குதிப்பவர் மணிக்கு சுமார் 50 கி.மீ வேகத்தில் தண்ணீரைத் தொடுவார். 60 அடியிலிருந்து என்றால் அது 68 கி.மீ. நகரச் சாலையில் வேகமாகப் போகும் பைக்கின் வேகம்.

அந்த வேகத்தில் தண்ணீர் மெத்தையாக இருக்காது. உடல் கொஞ்சம் சாய்ந்து விழுந்தாலும் சிமென்ட் தரையில் விழுந்ததுபோல அடிபடும். அதனால் மிக உயரத்திலிருந்து குதிப்பவர்கள் பெரும்பாலும் கால் முதலில் படும்படி விழுகிறார்கள். தலைக்கும் கழுத்துக்கும் வரும் அடியைக் கால்கள் வாங்கிக்கொள்கின்றன.

10 மீட்டர் டைவிங்குக்கே குளம் 5 மீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்பது சர்வதேசப் பரிந்துரை. 60 அடியிலிருந்து குதிக்கவும் ஆழமான குளம் தேவை. நிகழ்ச்சிக்குக் குளத்தை இவ்வளவு ஆழமாகத் தோண்ட வேண்டிவந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மூச்சை அடக்கு... மூச்சை விடு!

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். குதித்தவர் எங்கே போனார்?

தண்ணீருக்குள் ஆக்ஸிஜன் சிலிண்டருடன் யாரோ காத்திருப்பார்கள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். கிட்டத்தட்ட சரி. சிலிண்டரில் இருப்பது அழுத்தி அடைக்கப்பட்ட சாதாரணக் காற்று. ஸ்கூபா உடையில் குளத்துக்குள் இருக்கும் பாதுகாப்பு டைவர்கள், விழுந்த கலைஞரிடம் நீந்திப் போய், காற்று தரும் குழாயின் வாய்ப்பகுதியான 'ரெகுலேட்டரை' அவர் வாயில் வைக்கிறார்கள். கலைஞர் அங்கேயே மூச்சு வாங்கிக்கொள்கிறார். அடுத்து மேலே தோன்ற வேண்டிய நேரம் வரும்வரை தண்ணீருக்கடியில் காத்திருக்கிறார். அல்லது ரசிகர் கண்ணில் படாமல் ஓரத்துக்கு அழைத்துச் செல்லப்படுகிறார்.

'இவ்வளவுதானா!' என்று தோன்றும். ஆனால், நிகழ்ச்சியின் மிகப் பெரிய ஆபத்தே இந்த மூச்சில்தான் இருக்கிறது.

தண்ணீருக்குள் போகப் போக அழுத்தம் கூடும். 25 அடி ஆழத்தில் அது தரையில் இருப்பதைப்போல ஒன்றே முக்கால் மடங்கு. ரெகுலேட்டர் அந்த அழுத்தத்துக்கு ஏற்பவே காற்றைத் தரும். அந்த ஆழத்தில் ஒருவர் 4 லிட்டர் காற்றை நுரையீரலில் நிரப்பி, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், அழுத்தம் குறையக் குறைய அந்தக் காற்று விரிந்து சுமார் 7 லிட்டராக முயலும். அளவுக்கு மீறி ஊதிய பலூனுக்கு என்ன ஆகும்? நுரையீரல் கிழியலாம். காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஐந்தாறு அடி ஆழத்திலிருந்து மேலே வந்தவர்களுக்குக்கூட இப்படி நடந்ததுண்டு.

அதனால் ஸ்கூபா பயிற்சியின் முதல் பாடமே, 'மூச்சை ஒருபோதும் அடக்காதே' என்பதுதான். மேலே வரும்போது காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டே வர வேண்டும்.

ஆனால், இந்த மேடைக்கு வருகிறவர்களில் பலர் கலை நீச்சல் வீராங்கனைகள். தலைகீழாக நின்று, கால்களை மட்டும் வெளியே நீட்டி, இசைக்கேற்ப ஆடுவார்களே, அவர்கள்தான். சிறு வயது முதல் அவர்கள் கற்றதெல்லாம் 'மூச்சை அடக்கு' என்ற ஒரே பாடம். இங்கே அந்தப் பழக்கமே ஆபத்தாகலாம்.

இன்னொரு சிக்கல். மேலே காற்றில் மூச்சை இழுத்துக்கொண்டு குதித்தவர், அதே மூச்சோடு மேலே வந்தால் எந்தப் பிரச்னையும் இல்லை. உள்ளே போகும்போது சுருங்கிய காற்று, மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்பும். குழாயிலிருந்து ஒரு வாய் காற்று எடுத்துவிட்டால்தான் விதி மாறுகிறது. ஆக, ஒரே கலைஞர் ஒரே இரவில் சில முறை மூச்சை அடக்க வேண்டும், சில முறை விட வேண்டும். 'கடைசி மூச்சை எங்கே எடுத்தேன்?' என்ற கேள்விக்குப் பதில் எப்போதும் நினைவில் இருக்க வேண்டும். இசை, வேகம், களைப்பு எல்லாவற்றுக்கும் நடுவில்!

இதனால்தான் டைவரோ, ஜிம்னாஸ்டிக் வீரரோ, ட்ரபீஸ் கலைஞரோ, இங்கே வந்தால் தண்ணீருக்கடியில் மூச்சுவிடும் பயிற்சியை முடிக்க வேண்டியிருக்கிறது. ஜலதோஷம் பிடித்தால்கூடச் சிக்கல்தான். மூக்கடைத்தால் காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாது. செவிப்பறை பாதிக்கும்.

கண் தெரியாது, காது குழம்பும்

நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு மேடையில் தேவதையாக நடிக்க முடியாது. கண்ணாடி இல்லாமல் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாமே மங்கல். மேலே வண்ண விளக்குகள் வேறு மாறிக்கொண்டே இருக்கும். அந்த மங்கலில், உருவத்தையும் வெளிச்சத்தையும் வைத்து, தனக்குக் காற்று தர வரும் டைவரைக் கலைஞர் அடையாளம் காண வேண்டும்.

காதும் பெரிதாக உதவாது. தண்ணீரில் ஒலி, காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் அதிக வேகத்தில் போகும். ஒலி இடது காதுக்கு முதலில் வந்ததா, வலது காதுக்கா என்பதை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. தண்ணீருக்குள் அந்த இடைவெளி மிகவும் குறைந்துவிடுவதால், எல்லாப் பக்கமிருந்தும் கேட்பதுபோலவே இருக்கும்.

ஆனாலும், தாளம் கேட்கும். அதற்காகவே குளத்துக்குள் ஒலிபெருக்கிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. 'எத்தனையாவது தாளத்தில் மேலே வர வேண்டும்' என்பதை இசையை எண்ணித்தான் கலைஞர்கள் தெரிந்துகொள்கிறார்கள். ரசிகர்களுக்குப் பாட்டாகக் கேட்பது, தண்ணீருக்குள் இருப்பவர்களுக்குக் கடிகாரம்.

பாலைவனத்தில் ஒரு குளம்

தண்ணீர் உடலிலிருந்து வெப்பத்தை இழுக்கும் வேகம், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு அதிகம். ஒன்றரை மணி நேரத்தில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைபவர்களுக்குத் தசை விறைத்தால் சாகசமே விபத்தாகும். அதனால் 'ஓ' குளத்தின் நீர் சுமார் 31 டிகிரி செல்சியஸில் வைக்கப்படுகிறது. நீச்சல் போட்டிக் குளங்களில் இது 25 முதல் 28 டிகிரிதான்.

இங்கே இன்னொரு தலைவலி. வெதுவெதுப்பான தண்ணீர் ஆவியாகும். அரங்கம் புழுங்கும். பல நூறு டாலர் கொடுத்து வந்தவர்கள் வியர்த்துக்கொண்டு உட்கார மாட்டார்கள். ஏ.சி-யைக் கூட்டினால், ஈர உடம்போடு அந்தரத்தில் தொங்குபவர்கள் நடுங்குவார்கள். ரசிகர்களுக்குக் குளுமை, கலைஞர்களுக்குக் கதகதப்பு என ஒரே கூரையின் கீழ் இரண்டு பருவநிலைகளைப் பராமரிக்க வேண்டியிருக்கிறது. அதுவும் பாலைவன நகரம் ஒன்றில்.

உடைகளின் கதை தனி. குளத்து நீரில் கலக்கும் குளோரின் போன்ற கிருமிநாசினிகள், நெகிழும் துணிகளின் இழையை அரித்து, சாயத்தையும் வெளுக்கச் செய்யும். எனவே, தண்ணீர் நிகழ்ச்சிகளில் ஒரே வேடத்துக்குப் பல ஜோடி உடைகள் வேண்டும். காட்சி முடிந்ததும் அலசி, காயவைத்து, தையல் பிரிந்த இடங்களைச் சரிசெய்து அடுத்த காட்சிக்குத் தயாராக்க ஒரு தனிக் குழு உழைக்கும். தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும் துணி, நீந்துபவரைக் கீழே இழுக்கும். ஆக, அழகு, பிறகு எடை, பிறகு ஆயுள் என மூன்று கணக்குகளும் ஒத்துவந்தால்தான் அந்த உடை குளத்துக்குள் போகும்.

பதக்கத்துக்குப் பிறகு ஒரு வாழ்க்கை

கலை நீச்சலிலோ டைவிங்கிலோ ஒலிம்பிக் வரை போனவர், 25 வயதுக்குப் பிறகு என்ன செய்வார்? கிரிக்கெட்போலப் பணம் கொட்டும் விளையாட்டு இல்லை அது. பலர் பயிற்சியாளர் ஆவார்கள். மற்றவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். 'ஓ' அவர்களுக்குப் புதிய கதவு ஒன்றைத் திறந்தது.

கனடாவின் சில்வி ஃப்ரெஷெட்டின் கதை விளையாட்டு உலகம் அறிந்தது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக் தனிநபர் பிரிவில், நடுவர் ஒருவர் 9.7 என்பதற்குப் பதில் 8.7 என்று தவறாகப் பதிவு செய்துவிட்டார். தங்கம் கைநழுவியது. அடுத்த ஆண்டுதான் தவறு ஏற்கப்பட்டு, அவருக்கும் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. அதே சில்விதான் பின்னாளில் 'ஓ' உருவானபோது, அதன் நீச்சல் பகுதிக்காக உழைத்தவர்களில் ஒருவர்.

அமெரிக்காவின் பில் மே கதை இன்னும் சுவாரஸ்யம். கலை நீச்சலில் அவர் அசாத்தியத் திறமைசாலி. ஒரே பிரச்னை, அவர் ஆண். அந்தப் போட்டி ஒலிம்பிக்கிலும் உலக சாம்பியன்ஷிப்பிலும் பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1998-ல் நடந்த குட்வில் விளையாட்டுப் போட்டியில் கிறிஸ்டினா லம் என்ற வீராங்கனையுடன் ஜோடியாக வெள்ளி வென்றும், ஒலிம்பிக் கதவு திறக்கவில்லை. 2004-ல் போட்டிகளிலிருந்து விலகியவர், 'ஓ' மேடைக்கு வந்து சேர்ந்தார். பத்தாண்டுகளுக்கு மேல் அந்தக் குளம்தான் அவர் உலகம்.

2015-ல் ரஷ்யாவின் கஸான் நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், முதன்முறையாக ஆண்-பெண் ஜோடிப் பிரிவு சேர்க்கப்பட்டது. 36 வயதில் பில் மே மீண்டும் போட்டிக்குத் திரும்பினார். 'ஓ'வில் தன்னுடன் பணியாற்றிய கிறிஸ்டினா ஜோன்ஸுடன் சேர்ந்து ஒரு பிரிவில் தங்கம். அதே 'ஓ' குழுவைச் சேர்ந்தவரும், 17 ஆண்டுகளுக்கு முந்தைய ஜோடியுமான கிறிஸ்டினா லம்முடன் இன்னொரு பிரிவில் வெள்ளி. இரவுதோறும் ரசிகர்களுக்காக நீந்திய நீச்சல், அவரைப் போட்டிக்குத் தயாராகவே வைத்திருந்தது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் குழுப் பிரிவில் ஆண்களும் பங்கேற்கலாம் என விதி மாறியது. 45 வயது பில் மே, அணியில் இடம் பிடிக்கப் போராடினார். தேர்வாகவில்லை. அந்த ஒலிம்பிக்கில் எந்த நாட்டு அணியிலும் ஓர் ஆண்கூட நீந்தவில்லை. விதி திறந்துவிட்ட கதவை, 'ஓ' மேடை அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே திறந்துவிட்டிருந்தது.

2,000 ஆண்டு ஆசை

தண்ணீரை மேடையாக்கும் ஆசை புதிதல்ல. கி.மு. 46-ல் ரோமாபுரியில் ஜூலியஸ் சீசர் குளம் வெட்டி, அதில் போலிக் கடற்போரை நடத்திக் காட்டினார். ஆனால், அதில் மோதியவர்களின் ரத்தம் நிஜம். கைதிகளும் போர்க்கைதிகளும்தான் 'நடிகர்கள்'.

1804-ல் லண்டனின் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் மேடையையே பெரிய தொட்டியாக்கி, அருகில் ஓடிய கால்வாய் நீரை நிரப்பி, குட்டிக் கப்பல்களை மிதக்கவிட்டு ஜிப்ரால்டர் போரை நடத்தினார்கள். 1886-ல் பாரிஸில் ஜோசப் ஓலர் திறந்த 'நூவோ சர்க்' அரங்கில், சர்க்கஸ் வளையமே கீழே இறங்கிக் குளமாக மாறியது. 1894-ல் திறக்கப்பட்ட இங்கிலாந்தின் பிளாக்பூல் டவர் சர்க்கஸில், இன்றும் வளையம் கீழிறங்கித் தண்ணீர் நிரம்புவதைப் பார்க்கலாம். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் பில்லி ரோஸ் நடத்திய 'அக்வாகேட்' நீச்சல் நிகழ்ச்சியில், சினிமாவில் டார்ஜானாக நடித்த ஜானி வைஸ்முல்லர் நட்சத்திரமாக நீந்தினார்.

இந்தப் பழைய ஆசையோடு கம்ப்யூட்டர் இயக்கும் லிஃப்ட்களையும் ஸ்கூபா டைவர்களையும் சேர்த்ததுதான் 'ஓ'வின் புதுமை.

ஒரே இயக்குநர், ஐந்து குளங்கள்

'ஓ'வை இயக்கியவர் ஃபிராங்கோ டிராகோன். இத்தாலியில் பிறந்து பெல்ஜியத்தில் வளர்ந்தவர். சர்க் டு சொலேயிலிருந்து விலகித் தனி நிறுவனம் தொடங்கிய பிறகும் தண்ணீர் அவரை விடவில்லை. 2005-ல் லாஸ் வேகாஸின் வின் ஹோட்டலில், ரசிகர்கள் குளத்தைச் சுற்றி வட்டமாக அமர்ந்து பார்க்கும் 'ல ரெவ்'. 2010-ல் மக்காவ் நகரில் 'ஹவுஸ் ஆஃப் டான்சிங் வாட்டர்'. அதன் குளத்தில் மட்டும் சுமார் 1.4 கோடி லிட்டர், அதாவது 'ஓ'வைப்போல இரண்டரை மடங்கு தண்ணீர்! குளமாக இருந்த மேடை தரையாகி, அதில் மோட்டார் பைக்குகள் பாயும். 2014-ல் சீனாவின் வூஹானில், சிவப்பு விளக்குக்கூடு வடிவ அரங்கில் 'ஹான் ஷோ'. 2017-ல் துபாயில் 'லா பெர்ல்'. சுமார் 1,300 இருக்கைகளும் 27 லட்சம் லிட்டர் தண்ணீரும் கொண்டது.

டிராகோன் 2022 செப்டம்பரில் தனது 69-வது வயதில் எகிப்துத் தலைநகர் கெய்ரோவில் காலமானார்.

குளம் ஊர்விட்டு ஊர் போகாது

சாதாரண சர்க்கஸ், கூட்டம் குறைந்தால் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும். தண்ணீர் நிகழ்ச்சிக்கு அந்த வழி இல்லை. கட்டடமே நிகழ்ச்சிக்காகக் கட்டப்பட்டது. காட்சி நடந்தாலும் நடக்காவிட்டாலும் தண்ணீரைச் சுத்திகரிக்க வேண்டும், லிஃப்ட்களைப் பராமரிக்க வேண்டும். ஆள் வராவிட்டால் நஷ்டம் குளம்போலவே ஆழமாகும்.

2020-ல் கொரோனா வந்தபோது இது அப்பட்டமாகத் தெரிந்தது. அந்த மார்ச்சில் சர்க் டு சொலே உலகம் முழுவதும் தன் 44 நிகழ்ச்சிகளையும் நிறுத்தியது. சுமார் 95 சதவிகித ஊழியர்கள் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். ஜூன் மாதம் திவால் பாதுகாப்புக் கோரியது நிறுவனம். 15 ஆண்டுகள் ஓடிய 'ல ரெவ்', அந்த ஆகஸ்டில் நிரந்தரமாக மூடப்பட்டது. மக்காவ் நிகழ்ச்சியும் நின்றது.

ஒரு நாடகக் குழு கலைந்தால், நடிகர்கள் வேறு மேடை தேடலாம். மங்கலான நீரில் ஆளை அடையாளம் கண்டு, சரியான நொடியில் காற்றுக் குழாயை நீட்டத் தெரிந்த டைவருக்கு உலகத்தில் எத்தனை மேடைகள் இருக்கின்றன? கலைஞரும் டைவரும் மாதக்கணக்கில் ஒன்றாகப் பயிற்சி செய்து வளர்த்த நம்பிக்கையை, புதிதாக ஆள் எடுத்து ஒரே வாரத்தில் உருவாக்க முடியாது.

நல்லவேளையாக, சர்க் டு சொலே புதிய முதலீட்டாளர்களின் உதவியோடு மீண்டது. 2021 ஜூலை 1-ம் தேதி 'ஓ' மீண்டும் தொடங்கியது. மக்காவ் குளத்துக்கு மட்டும் ஐந்து ஆண்டுகள் காத்திருப்பு. 2025 மே மாதம்தான் அங்கே தண்ணீர் மறுபடி ஆடத் தொடங்கியது.

எண்களில் 'ஓ'

தொடக்கம்: 1998 அக்டோபர்
இடம்: பெலாஜியோ ஹோட்டல், லாஸ் வேகாஸ்
தண்ணீர்: சுமார் 57 லட்சம் லிட்டர்
ஆழம்: 25 அடி
ஹைட்ராலிக் லிஃப்ட்கள்: 7
உயரமான டைவ்: சுமார் 60 அடி
நீரின் வெப்பநிலை: சுமார் 31 டிகிரி செல்சியஸ்
இருக்கைகள்: சுமார் 1,800

அடுத்த முறை இதைக் கவனியுங்கள்!

இந்த நிகழ்ச்சிகளின் துண்டுக் காட்சிகள் யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் நிறைய உலவுகின்றன. அடுத்த முறை கண்ணில் பட்டால், குதிப்பவரைப் பார்த்துவிட்டு உடனே அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடாதீர்கள். குதித்த இடத்தையே கொஞ்ச நேரம் பாருங்கள். தண்ணீர் அடங்கும். யாரும் மேலே வர மாட்டார்கள். சில நேரம் மேற்பரப்பில் சின்னச் சின்னக் குமிழிகள் மட்டும் எழும்பும். அப்படித் தெரிந்தால், கீழே ஒருவர் காற்றைக் கொடுக்க, இன்னொருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.